பழைய டிரையல்ஸ் வண்டியோடு முதல் போட்டிக்குப் போகிறவர்களுக்கு

டிரையல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் போட்டியில் யாரையும் முந்த வேண்டியதில்லை. பாறை, ஓடை, மர வேர், சேற்று மேடு என்று அடையாளம் வைத்துப் பிரித்த சின்னச் சின்ன இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் செக்‌ஷன் என்று பெயர். அதற்குள் காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்டி வெளியே வர வேண்டும். ஊன்றவே இல்லை என்றால் பூஜ்யம். அதைத்தான் கிளீன் என்பார்கள். ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, எல்லைக்கு வெளியே சக்கரம் போனாலோ, பின்னோக்கி உருண்டாலோ 5. நான்கு என்று ஒரு புள்ளி கிடையாது. கடைசியில் யாருக்குக் குறைவான புள்ளியோ அவர் ஜெயித்தார்.

இந்த விளையாட்டின் தாய்வீடு பிரிட்டன். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமை மையமாக வைத்து நடக்கும் ஆறு நாள் போட்டிக்கு நூறாண்டு தாண்டிய வரலாறு உண்டு. 1961-இல் கார்டன் ஜாக்சன் ஏஜேஎஸ் வண்டியில் அந்த ஆறு நாளையும் ஒரே ஒரு புள்ளி இழப்போடு முடித்தார். நம் ஊர் புல்லட்டுக்கும் அங்கே பங்குண்டு. ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் அதே போட்டியை ஜெயித்தது ராயல் என்ஃபீல்டில்தான். சென்னையில் புல்லட் உருவாகத் தொடங்கிய அதே காலம்.

பழைய வண்டிக்காரர்களுக்கு பிரிட்டிஷ் கிளப்புகள் தனி வகுப்புகள் வைத்திருக்கின்றன. 1965-க்கு முந்தையவை ஒன்று. பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பரும் டிரம் பிரேக்கும் உள்ளவை இன்னொன்று; இதை ட்வின்ஷாக் என்பார்கள். ஒற்றை ஷாக் வந்த பிறகும் காற்றால் குளிர்ந்த எஞ்சின்களோடு இருந்தவை மூன்றாவது. முதல் போட்டிக்கு வண்டி தேடுகிறவர் ட்வின்ஷாக்கில் தேடுவது நல்லது. அதிலும் யமஹா டிஒய் 175, ஹோண்டா டிஎல்ஆர் 200, ஃபேன்டிக் 200 போன்ற சின்ன, சாதுவான வண்டிகளாகப் பாருங்கள். 1964-இல் டிரையல்ஸ் வீரர் சாமி மில்லர் 500 சிசி ஏரியலை விட்டுவிட்டு ஸ்பெயினின் புல்டாகோவுக்குப் போய், அடுத்த ஆண்டே அதில் ஸ்காட்டிஷ் போட்டியை ஜெயித்ததும் கனமான பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்தது. அவர் உருவாக்கிய ஷெர்பா அருமையான வண்டி. ஆனால் அதன் 325 சிசி மாடல் மெலிந்த ஆளையும் புதிய ஆளையும் கிக்கரிலேயே களைக்க வைத்துவிடும்.

வண்டி பார்க்க அழகாக இருக்கிறதா, குரோம் மின்னுகிறதா என்பதை மறந்துவிடுங்கள். நடக்கும் வேகத்தில், அதைவிடக் குறைவான வேகத்திலும்கூட, அது சொன்னபடி கேட்கிறதா என்பது மட்டுமே கேள்வி. சாலையில் 80-இல் ஓடும்போது தெரியாத குறைகள் எல்லாம் டிரையல்ஸில் முதல் செக்‌ஷனிலேயே வெளியே வரும். எனவே போட்டிக்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

ஐடிலிங்கில் ஆரம்பிக்கவும்

நின்றுகிடந்த டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் முதல் சந்தேகம் பைலட் ஜெட் மேல், அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளைத் திருகு மேல். பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி அதன் துளையை அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். பிறகு ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பின் சிறிது சிறிதாகத் திருப்பி, ஐடிலிங் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த இடம் அரைச் சுற்றுக்குள்ளேயே வந்தால் பைலட் ஜெட் சிறியது; மூன்று சுற்றை நெருங்கினால் பெரியது. கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்து கடகடவென்று ஆடினால் இந்த வேலை எதுவும் நிலைக்காது. ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கார்புரேட்டரோடு மல்லுக்கட்டுவதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது மலிவு.

கார்புரேட்டரைச் சரிசெய்த பிறகும் ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் உடனே இறங்காமல் விர்ரென்று தொங்குகிறதா? எங்கோ காற்று உள்ளே புகுகிறது. முதலில் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பரை வளைத்து விரிசல் இருக்கிறதா பாருங்கள். அது நன்றாக இருந்தால் அடுத்தது கிராங்க் ஆயில் சீல்கள். மேக்னட் (கிராங்கோடு சுழலும் கனமான சக்கரம்) பக்கத்துச் சீல் காய்ந்திருந்தால் காற்று புகுந்து கலவை மெலியும். எஞ்சின் தொங்கும், அதிகம் சூடாகும், கடைசியில் பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை நிற்காது, பிளக் நனையும், ஆயில் அளவு காரணமே இல்லாமல் குறையும். எவ்வளவு வருடம் நின்ற வண்டி என்று தெரியாவிட்டால் இரண்டு சீலையும் மாற்றிவிட்டே போட்டியை நினைக்கலாம். மேக்னட் பக்கத்துச் சீலுக்கு மேக்னட்டைக் கழற்ற அந்த மாடலுக்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றப் பார்த்தால் கிராங்க் முனையின் மரை போகும்.

மேக்னட்டைக் கழற்றும்போதே, பிளக்குக்குத் தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட்டைப் பார்த்துவிடுங்கள். பழைய எஸ்டி ஓட்டி வளர்ந்தவர்களுக்கு இது பழகிய வேலை. இடைவெளி 0.35 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உங்கள் மாடலின் கையேடு சொல்வதே முடிவு. வண்டி குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, இருபது நிமிடம் ஓடியதும் செத்து, ஆறினால் மறுபடி உயிர்வந்தால் கண்டென்சர் அல்லது காயில். டிரையல்ஸில் எஞ்சின் மேல் காற்று படுவது குறைவு என்பதால் இந்த நோய் சீக்கிரம் வெளிப்படும். முதல் சுற்றில் கிளீன் எடுத்துவிட்டு இரண்டாம் சுற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்புகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் கதை.

பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலப்பது என்பதில் பழைய கையேட்டை அப்படியே பின்பற்ற வேண்டாம். 20-க்கு 1, 25-க்கு 1 என்று அதில் இருப்பது அந்தக் கால ஆயிலுக்கு. இன்றைய நல்ல சிந்தெடிக் டூ ஸ்ட்ரோக் ஆயிலை 50-க்கு 1 என்ற கணக்கில் பலரும் கலக்கிறார்கள்: 5 லிட்டருக்கு 100 மில்லி. பயமாக இருந்தால் 40-க்கு 1, அதாவது 125 மில்லி. டிரையல்ஸில் எஞ்சின் பெரும்பாலும் ஐடிலிங்குக்குச் சற்று மேலேதான் சுற்றும். ஆயில் கூடினால் எரியாமல் பிளக்கில் படியும். பிளக் அடிக்கடி கறுத்தால் ஒரு படி சூடான வகையைப் போடுங்கள். என்ஜிகே பிளக்கில் எண் குறையக் குறையச் சூடு கூடும்.

பெட்ரோல் டாங்க்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எழுபதுகளின் ஸ்பானிஷ் வண்டிகள் பலவற்றில் டாங்க் கண்ணாடியிழையால் ஆனது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் அந்த டாங்க்கின் ரெசினைக் கரைக்கும். கரைந்தது பிசுபிசுப்பாக இறங்கிக் கார்புரேட்டரை அடைக்கும், பிஸ்டன் வளையத்தையும் ஒட்ட வைக்கும். அலுமினிய டாங்க்குக்கு மாறுவது நிரந்தரத் தீர்வு. அதுவரை எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோலை ஊற்றி, போட்டி முடிந்த அன்றே டாங்க்கைக் காலி செய்யுங்கள்.

டயர், கிளட்ச், பிரேக்

டயர் அளவு பின்னால் 4.00-18, முன்னால் 2.75-21. இரண்டும் டிரையல்ஸ் டயராகவே இருக்க வேண்டும். மோட்டோகிராஸ் டயருக்கு அனுமதி இல்லை. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்பாதீர்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியவில்லை என்றால் ரப்பர் இறுகிவிட்டது, ஈரப்பாறையில் சோப்பு மாதிரி வழுக்கும். பழைய ரிம் பெரும்பாலும் டியூப் வகை. அதில் டியூப்லெஸ் டயரை ஏற்றப் போனால் ஓரம் சரியாக உட்காராது. டியூப் வகை டயரையே கேட்டு வாங்குங்கள்.

காற்று பின்னால் 4 முதல் 5 பி.எஸ்.ஐ., முன்னால் 6 முதல் 7. தவறாக அச்சாகவில்லை, அவ்வளவுதான். பெட்ரோல் பங்க் கேஜ் இந்த அளவைக் காட்டாது. 0 முதல் 15 வரை காட்டும் தனிக் கேஜ் வேண்டும். இவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மை விட்டு நழுவும் என்பதால் பின்னால் இரண்டு ரிம் லாக், முன்னால் ஒன்று. டியூப் வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். தளர்வாக விட்டால் டயர் நழுவும்போது வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியிருந்தால் சத்தமில்லாமல் கிழிந்துவிடும்.

கிளட்ச் ஒரு விரலில் இழுபட வேண்டும். கேபிள் தாராளமான வளைவில் போகிறதா என்று பாருங்கள்; புதிய நைலான் உள்குழாய் கேபிளுக்கு ஆயில் விடத் தேவையில்லை. லிவரில் 2, 3 மில்லிமீட்டர் பிளே. கியரில் போட்டுக் கிளட்ச்சை முழுதாகப் பிடித்தும் வண்டி முன்னே இழுத்தால் முதலில் ஆயிலைச் சந்தேகியுங்கள். கெட்டியான ஆயில் குளிரில் பிளேட்டுகளை ஒட்டிவிடும். லேசான கியர் ஆயில் போதும், பலர் ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றுகிறார்கள். அதன் பிறகும் இழுத்தால் கிளட்ச்சைத் திறந்து, பிளேட்டுகளைத் தாங்கும் பாஸ்கெட்டின் விரல்களில் பிளேட் தட்டித் தட்டி விழுந்த பள்ளங்களைப் பாருங்கள். மெல்லிய அரத்தால் சமப்படுத்தலாம். பள்ளம் ஆழமென்றால் பாஸ்கெட்டே புதிது. லிவர்களைக் கைப்பிடியில் முழு இறுக்கமாகப் பூட்ட வேண்டாம். கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு விட்டால் விழும்போது சுழன்று தப்பிக்கும், உடையாது.

பழைய வண்டியின் உண்மையான பலவீனம் டிரம் பிரேக். காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிப்பதே ஓடையைக் கடந்ததும் காணாமல் போகும். லைனிங் பளபளவென்று கண்ணாடியாகியிருந்தால் உப்புத்தாளில் தேய்த்து, டிரம்மின் வளைவுக்கு ஒத்துப்போகும்படி பிரேக் ஷூவை உரசவையுங்கள். ஷூ முழுதும் படாமல் நடுவில் மட்டும் பட்டால் பாதிப் பிரேக்தான் கிடைக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது டிரம்மில் உள்ள நெம்புகோலுக்கும் கேபிளுக்கும் இடையே 90 டிகிரி வர வேண்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு இழுத்தாலும் பலம் குறையும். செக்‌ஷனுக்குள் தண்ணீர் இருந்தால், வெளியே வந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் வண்டி நிதானமாகும். 12-க்கு 48 என்று இருந்ததை 11-க்கு 48 ஆக்குவது, பின்னால் 4 பல் கூட்டுவதற்குச் சமம். செயின் பிளேயை வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது அளக்கக் கூடாது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் சுழலும் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி ஒருவரை உட்காரவைத்து அளந்தால்தான் சரியான இறுக்கம் தெரியும். ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் சிக்கினால் ஹெட் பேரிங் போய்விட்டது. ஷாக் வாங்கும்போது 340-க்குப் பதில் 360 மில்லிமீட்டர் நீளம் போட்டால் பின்பக்கம் உயர்ந்து ஸ்டியரிங் சுறுசுறுப்பாகும், ஆனால் செயின் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். பழைய வண்டிகளின் ஃபுட்ரெஸ்ட் சற்று முன்னாலும் உயரத்திலும் இருக்கும். கீழும் பின்னும் நகர்த்திப் பற்றவைப்பது எல்லோரும் செய்யும் மாற்றம், பலன் உடனே தெரியும். உங்கள் வகுப்பின் விதி அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவும் பரிசோதனையும்

பிரிட்டனில் பெரும்பாலான போட்டிகள் ஏ.சி.யு. என்ற அமைப்பின் கீழ் நடக்கின்றன. கிளப்பில் உறுப்பினராகி முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கும். போட்டியின் விதிக்குறிப்பைப் படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள்: உங்கள் வகுப்பு, எத்தனை செக்‌ஷன் எத்தனை சுற்று, செக்‌ஷனுக்குள் நிற்கலாமா கூடாதா. பழைய வண்டிப் போட்டிகளில் பெரும்பாலும் நிற்கவே கூடாது. சக்கரம் அசையாமல் போன கணமே 5. பாதை இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தால் கூச்சப்படாமல் மிக எளிதானதை எடுங்கள். பாதை பொதுச் சாலையைத் தொடுகிறது என்றால் வண்டிக்குப் பதிவெண், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மணிக்கட்டில் கட்டும் கயிற்றுக் கில் ஸ்விட்ச், பின் ஸ்ப்ராக்கெட்டில் விரல் மாட்டாதபடி காப்பு, முனையில் உருண்டை உள்ள லிவர், அடைத்த ஹேண்டில் முனை, ஓட்டை இல்லாத சைலன்சர் ஆகியவற்றைப் பரிசோதனைக்கு முந்தைய இரவே சரிபாருங்கள். ஐம்பது வருட வண்டியில் இவற்றில் ஒன்றாவது நிச்சயமாக இல்லாமல்தான் இருக்கும். பையில் இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், செயின் லிங்க், ஒரு கிளட்ச் லிவர், கேபிள், பம்ப், கேஜ், இன்சுலேஷன் டேப். உங்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும். மூன்றாவது சுற்றில் தோற்பது கால்தான், வண்டி இல்லை.

செக்‌ஷனுக்குள்

ஒவ்வொரு செக்‌ஷனையும் முதலில் நடந்து பாருங்கள். சிவப்பு அடையாளம் உங்கள் வலப்பக்கமும் நீலம் இடப்பக்கமும் இருக்க வேண்டும். முன் ஆக்சில் தொடக்கப் பலகையைக் கடக்கும்போது கணக்குத் தொடங்கும், முடிவுப் பலகையைக் கடக்கும்போது முடியும். கடைசித் திருப்பத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக் காலை ஊன்றி, பலகைக்கு ஓரடி முன்னால் ஒரு புள்ளி கொடுப்பது புதியவர்களின் வழக்கம். பின்னாலிருந்து முன்னாலும் ஒருமுறை நடங்கள். எங்கே வெளியேற வேண்டும் என்று தெரிந்தால் எங்கே நுழைய வேண்டும் என்பது தானாகப் புரியும். ஓடையில் கலங்கிய இடத்தைக் குச்சியால் குத்தி ஆழம் பாருங்கள்.

புது வண்டிக்காரர்கள் போகும் பாதை உங்களுக்கில்லை. அவர்கள் சக்கரத்தைத் துள்ள வைத்து இருந்த இடத்திலேயே திருப்புவார்கள். உங்கள் ஹேண்டில் அவ்வளவு திரும்பாது, வண்டியும் துள்ளாது. ஆகவே அகலமான பாதையை எடுத்து, திருப்பத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். உங்களுக்கு இருக்கும் பலம் கனமான மேக்னட். ஆக்சிலரேட்டரை மூடினாலும் எஞ்சின் டுக் டுக்கென்று இழுத்துக்கொண்டே போகும். இரண்டாவது கியரில் அந்த இழுவையை நம்பி ஏறினால், முதல் கியரில் முறுக்கி ஏறுவதைவிடச் சேற்றில் பிடிப்பு கிடைக்கும். மேட்டுக்கு வேண்டிய வேகத்தை அடிவாரத்திலேயே எடுத்துவிட வேண்டும். பாதியில் முறுக்கினால் பின்சக்கரம் தோண்டத் தொடங்கும். வேரைக் குறுக்காக, 90 டிகிரியில் கடங்கள். சாய்வாகப் போனால் முன்சக்கரம் அதன் வழியே வழுக்கிக்கொண்டு போய்விடும். இறக்கத்தில் முதல் கியர், கிளட்ச்சைத் தொடாதீர்கள். ஈரமான டிரம்மோடு கிளட்ச்சையும் பிடித்துவிட்டால் வண்டியை நிறுத்த எதுவுமே மிச்சமிருக்காது.

இனி கணக்கு. 10 செக்‌ஷன், 4 சுற்று என்றால் மொத்தம் 40. எல்லாவற்றிலும் தோற்றால் 200. புதியவரின் அட்டையைக் கெடுப்பது 5-கள். மூன்றாவது முறை கால் ஊன்றியாயிற்றா? அதற்குப் பிறகு ஊன்றுவதெல்லாம் இலவசம். கௌரவம் பார்க்காமல் இரண்டு காலாலும் துழாவித் துழாவி, வண்டி முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும்படி முடிவுப் பலகைக்கு இழுத்துக்கொண்டு போங்கள். பத்து 5-களை 3-களாக மாற்றினால் 20 புள்ளி மிச்சம். பத்து 1-களைக் கிளீனாக்கினாலும் 10-தான். முதல் போட்டியில் இந்த வேலைக்குத்தான் அதிகக் கூலி. முடியவே முடியாது என்று தெரிகிற செக்‌ஷன் இருந்தால், மூன்று சுற்று விழுந்து உடம்பைக் கெடுக்காமல் கண்காணிப்பாளரிடம் சொல்லி 5-ஐ வாங்கிக்கொண்டு நகரலாம். அவர் சம்பளமில்லாமல் நாள் முழுக்க மழையில் நிற்பவர். அவர் கொடுத்த புள்ளியோடு வாதாட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். பிரஷர் வாஷரை ஹப் பக்கமும் ஸ்விங் ஆர்ம் பக்கமும் காட்ட வேண்டாம். வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். ஏர் ஃபில்டரைக் கழுவி, காய்ந்த பின் ஃபில்டர் ஆயில் தடவுங்கள். சோம்பலாக இருந்தாலும் அடுத்த நாளே இரண்டு சக்கரத்தையும் கழற்றி டிரம்மைத் துடைத்துவிடுங்கள். ஈர ஷூவோடு ஒரு மாதம் நிறுத்திவைத்தால் துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த போட்டியன்று காலையில் வண்டி ஷெட்டை விட்டே நகராது.